உரிந்துவரும் உறை: டைட்டானிய நானோகுழாய்ப் பூச்சு குறித்து

டைட்டானியத் தகட்டை நேர்மின்வாயாக வைத்து, ஃப்ளூரைடு கலந்த கரைசலில் மின்னழுத்தம் கொடுத்தால், அதன் மேல் வளரும் ஆக்ஸைடு தட்டையான படலமாக நின்றுவிடுவதில்லை. அடி மூடி, வாய் திறந்த குழாய்களாக, நெருக்கமாக நிமிர்ந்து நிற்கிறது. மின்புலம் டைட்டானியத்தை ஆக்ஸைடாக்கிக்கொண்டே கீழே இறங்குகிறது; ஃப்ளூரைடு அயனி அந்த ஆக்ஸைடை மேலிருந்து கரைத்துக்கொண்டே வருகிறது. மின்னோட்டம் முதலில் சரிந்து, படலத்தில் நுண்குழிகள் விழுந்ததும் சற்றே ஏறி, பிறகு ஒரு நிலையில் நிலைக்கிறது. குழாய் நீள்வது அந்த நிலையில்தான். கரைவதுதான் குழாயை உண்டாக்குகிறதா, மின்புலத்தின் அழுத்தத்தில் ஆக்ஸைடு மெல்லப் பிதுங்கி மேலெழுகிறதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

இந்த முறையின் தொடக்கம் பிரான்சில். 1999-இல் ஸ்விலிங் குழுவினர் குரோமிக் அமிலத்தில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் சேர்த்து, தூய டைட்டானியத்தின் மேலும் டைட்டானியம்-அலுமினியம்-வனேடியம் உலோகக்கலவையின் மேலும் நுண்துளை ஆக்ஸைடு வளர்வதைப் பதிவு செய்தனர். அதற்கு முன்பே குரோமிக் அமில ஆனோடைசிங் (நேர்மின்வாயாக வைத்து ஆக்ஸைடு வளர்ப்பது), விமானத் துறையில் டைட்டானியப் பாகங்களைப் பசை கொண்டு ஒட்டுவதற்கான முன்வேலையாகப் புழக்கத்தில் இருந்தது. அந்தப் பாரம்பரியத்தில் ஆக்ஸைடிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது எவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது. 2001-இல் அமெரிக்காவில் கிரைம்ஸ் குழுவினர் (ஊம்மன் வர்கீஸ் போன்ற இந்திய ஆய்வாளர்கள் அதில் முக்கியப் பங்காளிகள்) நீர்த்த ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் அரை மைக்ரோமீட்டர் அளவுக் குழாய்களை வளர்த்துக் காட்டினர். எர்லாங்கனில் ஷ்முக்கியின் ஆய்வகம் கிளிசரால் போன்ற கெட்டியான கரைப்பான்களுக்கு மாறிச் சுவர் மழமழப்பான குழாய்களைத் தந்தது. எத்திலீன் கிளைக்கால் வந்தபின் நீளம் எகிறியது: 2006-இல் 134 மைக்ரோமீட்டர், 2007-இல் 1000 மைக்ரோமீட்டர். பத்தாண்டுக்குள் நீளம் ஆயிரம் மடங்குக்கு மேல் கூடியது. குழாயின் அடி உலோகத்தை எப்படிப் பிடித்திருக்கிறது என்ற கேள்வி அந்த ஓட்டத்தில் பின்தங்கிவிட்டது.

முறையின் நிறைகளை மறுக்க முடியாது. ஒரு டி.சி. பவர் சப்ளை, இரண்டு முதலைக் கிளிப்புகள், கண்ணாடியை ஃப்ளூரைடு அரிக்கும் என்பதால் ஒரு பிளாஸ்டிக் பீக்கர்: இவ்வளவு இருந்தால் ஒரு சிறிய கல்லூரியிலும் வேலையைத் தொடங்கலாம். மின்னழுத்தத்தைக் கூட்டினால் குழாயின் விட்டம் கூடும். நேரத்தைக் கூட்டினால் நீளம் கூடும். வளைவு, துளை, திருகின் பள்ளம் என்று கரைசல் எட்டும் இடமெல்லாம் பூச்சு வளரும். வெற்றிட அறையோ பிளாஸ்மாப் பீய்ச்சியோ தேவையில்லை. நானோ அறிவியலுக்கென்று தனி மையம் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்ற இடத்துக்கும், பெரிய நிதி இல்லாத தனியார் பொறியியல் கல்லூரிக்கும் இது ஒரே அளவு கைக்கெட்டுகிறது. ஒரு தொழில்நுட்பம் இப்படிப் பரவலாவது நல்லதுதான்.

பயன்பாடுகளைப் பொறுத்தவரை ஒளி சார்ந்தவை இங்கே முக்கியமல்ல. ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் டைட்டானியம் டை ஆக்ஸைடில் ஒளியால் நீரைப் பிரித்துக் காட்டியதிலிருந்து தொடரும் சிக்கல், வடிவத்தை மாற்றுவதால் தீராது. அந்த ஆக்ஸைடின் அனடேஸ் படிக வடிவத்தின் ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். சூரிய ஒளியில் ஏறத்தாழ 5 விழுக்காடான புற ஊதாக் கதிரைத்தான் அது எடுத்துக்கொள்ளும். குழாயாக வளர்த்தாலும் அதுதான் நிலை.

மருத்துவப் பயன்பாடுதான் இப்போதைய மோகம். எலும்பில் வைக்கும் பிளேட், ஸ்குரூ, பல் உள்வைப்பு ஆகியவற்றின் மேல் நானோகுழாய் வளர்த்தால் எலும்பு விரைவாகப் பற்றும், குழாய்க்குள் மருந்தை நிரப்பித் தொற்றைத் தடுக்கலாம் என்பது வாதம். இதற்கு ஆதாரமாக எப்போதும் காட்டப்படும் இரண்டு ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணானவை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2007-இல் எர்லாங்கன் குழு, 15 நானோமீட்டர் குழாய்களில் குருத்தணுக்கள் நன்றாகப் பற்றி வளர்கின்றன, 50-க்கு மேல் போனால் தளர்கின்றன, 100-இல் செத்துப்போகின்றன என்றது. 2009-இல் சான் டியேகோ குழு, 70 முதல் 100 நானோமீட்டர் வரையிலான குழாய்களில்தான் குருத்தணுக்கள் நீண்டு எலும்பணுக்களாக மாறுகின்றன என்றது. விட்டத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தலாம் என்பது முறையின் பெரிய பெருமை. எந்த விட்டம் வேண்டும் என்பதிலேயே அந்தப் பெருமைக்கு உரியவர்கள் ஒன்றுபடவில்லை. இருந்தாலும் இதுவும் தீரக்கூடிய சிக்கல்தான். உயிரணுவின் வகை, வளர்ப்புக் கரைசல், கிருமிநீக்க முறை என்று வேறுபாட்டுக்குக் காரணம் தேடலாம்.

தீராத சிக்கல் ஒட்டுத்திறன். அதைப் பற்றிக் கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே பதில் வருகிறது: "இது மேலே பூசப்பட்டதல்ல, உலோகத்திலிருந்தே வளர்ந்தது, ஆகவே உரியாது." ஆய்வேடுகளின் முன்னுரைகளிலும், வாய்மொழித் தேர்வுகளிலும், நிதி கேட்கும் விண்ணப்பங்களிலும் இந்த வாக்கியம் சோதனை முடிவைப் போலவே சொல்லப்படுகிறது. பெரும்பாலான சமயம் அதற்குப் பின்னால் ஓர் அளவீடும் இல்லை. இந்தத் துறையில் மிகுந்த தீங்கு செய்துவரும் வாக்கியம் இதுதான்.

உலோகத்திலிருந்தே வளர்ந்த ஆக்ஸைடு உரியாது என்பது பொது விதியானால், இரும்பின் துரு செதில் செதிலாகக் கழன்று விழக் கூடாது. வளர்ந்த இடம் எது என்பதைவிட, வளர்ந்தபின் ஆக்ஸைடுக்கும் உலோகத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதே பிடிப்பைத் தீர்மானிக்கிறது. நானோகுழாய் விஷயத்தில் நடுவில் இருப்பது ஃப்ளூரைடு. வளரும் ஆக்ஸைடினூடே ஃப்ளூரைடு அயனி உலோகத்தை நோக்கி நகரும் வேகம், ஆக்ஸிஜன் அயனியின் வேகத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே அது ஆக்ஸைடை முந்திக்கொண்டு போய் உலோகத்தின் முகப்பில் ஒரு மெல்லிய அடுக்காகச் சேர்கிறது. அந்த அடுக்கு வலுவற்றது, நீரில் கரையும் தன்மை கொண்டது. உப்புப் பூத்த கடலோரச் சுவரில் அடித்த வர்ணம் பொருமி உரிவதைப் புதுச்சேரிக்காரர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். வர்ணத்தில் குறை இராது, அதற்கும் சுவருக்கும் நடுவில் சேர்ந்த உப்புதான் அதைத் தள்ளுகிறது. குழாய்களை உண்டாக்கும் அதே அயனிதான் அவற்றின் அடியையும் தளர்த்துகிறது என்பதால், இது கவனக்குறைவால் வரும் குறையும் அல்ல. முறையின் உள்ளேயே இருக்கும் குறை.

இதோடு தகைவும் சேர்கிறது. டைட்டானியம் ஆக்ஸைடாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ இரு மடங்கை நெருங்குகிறது. அந்த நெருக்கடி குழாய்ச் சுவர்களிலும் அடியிலும் தேங்குகிறது. கரைசலிலிருந்து தகட்டை எடுத்துக் கழுவி உலர்த்தும்போது, குழாய்களுக்கிடையே உள்ள நீர் வற்றும் வேகத்தில் நுனிகளைக் கொத்துக் கொத்தாக இழுத்துச் சாய்க்கிறது. பிறகு 450 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கிப் படிகமாக்கும்போது, உருவற்ற ஆக்ஸைடு அனடேஸாக மாறி அடர்த்தி கூடிச் சுருங்குகிறது. படலம் தடிமனாக இருந்தால் விரிசல் விடுகிறது. தகட்டின் ஓரத்தில் மங்கிய மஞ்சள் தோல் ஒன்று நகக்கண் அளவுக்குச் சுருண்டு எழும்புவதும், நைட்ரஜன் குழாயால் ஊதி உலர்த்துகையில் அந்தத் தோல் துண்டு துண்டாகப் பறந்து மேசையில் படிவதும், நீளக் குழாய் வளர்த்த எந்த ஆய்வகத்துக்கும் பழகிய காட்சி. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் போவது ஓரம் கழன்ற பகுதி அல்ல, நடுவில் மிஞ்சிய நல்ல பகுதி. அச்சில் வரும் படம் அதன் மேற்பரப்பு; குழாயின் அடி உலோகத்தைச் சந்திக்கும் இடம் அந்தப் படத்தில் தெரிவதே இல்லை.

இதே துறையின் இன்னொரு கிளை, குழாய்ப் படலத்தை உலோகத்திலிருந்து முழுசாக உரித்தெடுத்து வடிகட்டியாகவும், ஒளிமின்கலத்தில் கண்ணாடி மேல் ஒட்டும் தாளாகவும் பயன்படுத்துகிறது. மெத்தனாலில் நனைத்து உலர்த்துவது, கடைசியில் மின்னழுத்தத்தைச் சட்டென ஏற்றுவது, சூடாக்கிய படலத்தின் அடியில் இரண்டாம் முறை வளர்த்து மேலடுக்கைக் கழற்றுவது என்று அதற்குப் பல வழிகள் உண்டு. எளிதாக, கிழியாமல், பெரிய துண்டாக உரிந்துவருவதே அங்கே வெற்றி. ஒரே கரைசல், ஒரே தகடு, ஒரே மின்னழுத்த வரம்பு. ஒரு கட்டுரைத் தொகுதி "அழகாக உரிகிறது" என்கிறது. பக்கத்துத் தொகுதி "உலோகத்திலிருந்தே வளர்ந்ததால் உரியாது" என்கிறது. இரண்டும் ஒரே இதழில், சில சமயம் ஒரே ஆய்வகத்திலிருந்து வெளிவருகின்றன. எலும்புக்குள் வைக்கப்போகும் பொருள் பற்றி இப்படிப் பேசுவதை ஏற்க முடியாது.

ஆனோடைசிங் செய்த டைட்டானியம் ஏற்கெனவே நோயாளிகளின் உடலில் இருக்கிறதே என்று வாதிடுவோர் உண்டு. உண்மைதான். அறுவை அரங்கில் கிருமிநீக்கம் செய்த ஸ்டீல் டிரேயைத் திறந்தால் பொன், ஊதா, நீலம், பச்சை என்று ஸ்குரூக்கள் வரிசையாக நிற்கும். அது சாயமல்ல, ஆக்ஸைடுப் படலத்தின் தடிமனால் எழும் நிறம். எந்த ஸ்குரூ எந்த அளவு என்பதை அவசரத்தில் கண்ணாலேயே பிரித்தறிய அது உதவுகிறது. ஆனால் அந்தப் படலம் ஃப்ளூரைடு இல்லாத கரைசலில் வளர்ந்தது, இறுக்கமானது, பெரும்பாலும் கால் மைக்ரோமீட்டருக்கும் மெல்லியது. பல் மருத்துவத்தில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் வந்து நிலைத்த டையூனைட் மேற்பரப்பும் ஆனோடைசிங் வழியில் வந்ததுதான். அது உயர் மின்னழுத்தத்தில் பொறி பறக்க வளர்க்கப்படும் துளைப் படலம், குழாய் அல்ல. இவற்றின் நற்பெயரை நானோகுழாய்க்கு இரவல் கொடுப்பது முறையாகாது. அமெரிக்காவில் முதுகெலும்பு உள்வைப்புகள் சிலவற்றில் நானோகுழாய் மேற்பரப்பு விற்பனைக்கே வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அது அந்தத் தயாரிப்பின் படலத்துக்குக் கிடைத்த அனுமதி. கல்லூரி ஆய்வகத்தில் 60 வோல்ட்டில் பல மைக்ரோமீட்டர் நீளத்துக்கு வளர்த்த படலத்துக்குக் கிடைத்த நற்சான்று அல்ல.

ஆய்வகத்துப் பொருளும் ஆஸ்பத்திரிப் பொருளும் ஒன்றல்ல என்பது அடுத்த பிரச்சினை. கட்டுரைகளில் வருவது கால் மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ தடிமன் உள்ள, மழமழவென்ற தூய டைட்டானியத் தகடு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விழுந்து தொடையெலும்பு முறிந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு வருபவருக்கு டைட்டானியத்தில் பிளேட்டும் ஸ்குரூவும் வைத்தால், அவை பெரும்பாலும் அலுமினியமும் வனேடியமும் கலந்த உலோகக்கலவையாக இருக்கும். அதில் இரண்டு படிக நிலைகள் உண்டு. வனேடியம் மிகுந்த நிலை ஃப்ளூரைடில் வேகமாகக் கரைந்துபோகும். விளைவாகக் குழாய்கள் திட்டுத் திட்டாக, நடுவே பள்ளங்களோடு வளர்கின்றன. தூய தகட்டில் கிடைத்த முடிவை இந்த மேற்பரப்புக்கு அப்படியே நீட்ட முடியாது.

ஸ்குரூ எலும்புக்குள் இறங்கும்போது நடப்பதுதான் உண்மையான சோதனை. பல் உள்வைப்பை ஏறத்தாழ 35 நியூட்டன்-சென்டிமீட்டர் முறுக்கு விசையில் தாடையெலும்புக்குள் செலுத்துவது வழக்கம். ஸ்குரூவின் மரை முகடுகள் எலும்பை அறுத்துக்கொண்டே போகின்றன. விசை முழுவதும் மேற்பரப்பைப் பக்கவாட்டில் தேய்க்கும் விசை. நிமிர்ந்து நிற்கும் உள்ளீடற்ற குழாய்களுக்கு மிகவும் பாதகமான திசை அது. நானோகுழாய்ப் படலத்தின் மீள்மை எண் 36 முதல் 43 கிகாபாஸ்கல் வரை அளக்கப்பட்டிருக்கிறது. டைட்டானியத்தினுடையது நூறுக்கு மேல். படலம் எலும்பின் மென்மையை நெருங்குகிறது என்று இதை நிறையாகச் சொல்கிறார்கள். ஊசிமுனையால் மேலிருந்து அழுத்தி அளந்த எண் அது. பக்கவாட்டில் தேய்த்தால் அடி நிற்குமா என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை.

கழன்ற துகள்கள் எங்கே போகின்றன என்பதும் சாதாரணக் கேள்வியல்ல. செயற்கை மூட்டுகளின் வரலாற்றில் உள்வைப்பு தளர்வதற்கு ஒரு முக்கியக் காரணம், தேய்மானத் துகள்களை விழுங்கிய பாதுகாப்பு அணுக்கள் அழற்சியைத் தூண்டி, சுற்றியுள்ள எலும்பைக் கரைத்துவிடுவது. எலும்பு பற்றுவதற்காக வளர்த்த பூச்சு, எலும்பைக் கரைக்கும் துகளாக மாறும் வாய்ப்பை ஒதுக்கிவிட்டு உயிரணு வளர்ப்புத் தட்டில் பச்சையும் சிவப்புமாக ஒளிரும் படங்களைக் காட்டுவது, நோயாளியை மறந்த வேலை. கழன்ற பூச்சைத் திரும்ப எடுக்க வழியில்லை.

இதே பாதையை முன்பு கடந்த ஒரு பூச்சு இருக்கிறது. பிளாஸ்மா வழியாக டைட்டானியத்தின் மேல் பீய்ச்சப்படும் ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சும் எலும்புக்கு உகந்தது என்று கொண்டாடப்பட்டது, உரிவது பற்றிய அச்சத்தை எதிர்கொண்டது. அந்தத் துறை ஒட்டுத்திறனை அளக்கும் முறையை வகுத்துக்கொண்டது. பன்னாட்டுத் தரம் ஐ.எஸ்.ஓ. 13779 குறைந்தது 15 மெகாபாஸ்கல் வேண்டும் என்கிறது. பூச்சின் மேல் பசைவைத்து ஓர் உருளையை ஒட்டி, நேராக இழுத்து, எந்த விசையில் பிரிகிறது என்று பார்க்கும் சோதனை அது. நானோகுழாய்க்கு அந்தச் சோதனை அப்படியே பொருந்தாது என்பது சரி: பசை குழாய்க்குள் இறங்கி முடிவைக் குழப்பும். அதற்காக எதையும் அளக்காமல் விடுவது எப்படிச் சரியாகும்? வைர முனையால் கீறும் சோதனை இருக்கிறது, மீயொலித் தொட்டியில் வைத்து எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்கலாம், தகட்டை வளைத்துப் பார்க்கலாம்.

மின்முலாம் தொழிலில் இந்தப் பழக்கம் மிகப் பழையது. அம்பத்தூரிலோ கோயம்புத்தூரிலோ ஒரு பிளேட்டிங் பட்டறையில் நிக்கல் ஏற்றிய பாகம் வெளியே வந்ததும் மேஸ்திரி அதை வளைத்துப் பார்க்கிறார், அரத்தால் ஓரத்தை ராவுகிறார், டேப் ஒட்டிச் சட்டென்று இழுக்கிறார். மூன்றில் ஒன்றில் தோற்றாலும் சரக்கு திரும்பிவிடும். பளபளப்பு எவ்வளவு இருந்தாலும் பேச்சில்லை. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தால், மின்வேதியியலில் தமிழ்நாட்டுக்கு எழுபது ஆண்டு அனுபவம் இருக்கிறது. பக்கெட் கைப்பிடிக்குச் செய்யும் சோதனையைக்கூட எலும்புக்குள் போகும் பொருளுக்குச் செய்யாத ஆய்வேட்டுக்குப் பட்டம் கொடுப்பதை, அந்த அனுபவத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

குறையைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. வளர்த்து முடித்தபின் ஃப்ளூரைடு இல்லாத கரைசலில் இரண்டாம் முறை ஆனோடைசிங் செய்தால், அடியில் இறுக்கமான ஆக்ஸைடு தடித்து ஃப்ளூரைடு அடுக்கை உலோக முகப்பிலிருந்து விலக்குகிறது. பிடிப்பு தெளிவாகக் கூடுகிறது. சூடாக்கும்போது ஃப்ளூரைடில் பெரும்பகுதி வெளியேறுகிறது. எல்லாவற்றையும்விட எளிய வழி, குழாயைக் குட்டையாக வைத்துக்கொள்வது: சில நூறு நானோமீட்டர் நீளப் படலம், பல மைக்ரோமீட்டர் படலத்தைவிட நன்றாகத் தாங்கும். உயிரணு தொட்டு உணர்வது குழாயின் வாயைத்தான். அடியின் ஆழம் அதற்குத் தேவையில்லை. ஆகவே எலும்புப் பயன்பாட்டில் நீளத்துக்கு நியாயமே கிடையாது. மருந்து நிரப்பத்தான் நீளம் வேண்டும் என்பார்கள். திறந்த வாயுள்ள குழாயில் நிரப்பிய மருந்தின் பெரும்பங்கு முதல் சில மணி நேரத்திலேயே வெளியேறிவிடுகிறது. அதற்காகப் பிடிப்பைப் பலியிடுவது நல்ல பேரமல்ல.

வழிகள் இருந்தும் அவை வழக்கமாகாததற்குக் காரணம், முறையின் மறுசெய்தன்மையும் சொல்லப்படுவதுபோல் உறுதியாக இல்லாததுதான். 100 பங்கு எத்திலீன் கிளைக்காலில் 2 பங்கு நீர், 0.3 விழுக்காடு அம்மோனியம் ஃப்ளூரைடு என்று செய்முறை எழுதப்படுகிறது. எத்திலீன் கிளைக்கால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் திரவம். ஐப்பசி, கார்த்திகை மழையில், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டின் கடற்கரைக் காற்றுக்குத் திறந்து வைத்த பீக்கரில், வளர்ச்சி நடக்கும் மணிக்கணக்கான நேரத்தில் அந்த 2 பங்கு 2 பங்காகவே இருக்கும் என்று நம்ப இடமில்லை. நீரின் அளவு மாறினால் கரையும் வேகம் மாறும், குழாயின் சுவர் மாறும், அடியும் மாறும். கரைசலின் வயதும் அப்படித்தான்: ஏற்கெனவே சில தகடுகள் வளர்த்த பழைய கரைசலில் வளரும் படலம் புதுக் கரைசலில் வளர்வதைவிடச் சீராகவும் உறுதியாகவும் அமைவதுண்டு. இது செய்பவர் எல்லாருக்கும் தெரியும். கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் கரைசலின் வயதோ அறையின் ஈரப்பதமோ அரிதாகவே வருகிறது. எழுதப்படாத காரணியைச் சார்ந்த பிடிப்பை வேறொருவர் திரும்பப் பெற முடியாது.

புதுச்சேரியில் இதைச் சரியாகச் செய்வதற்கான எல்லாம் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கின்றன. காலாப்பட்டில் பல்கலைக்கழகம், கோரிமேட்டில், 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், அதே பகுதியில் அரசு பல் மருத்துவக் கல்லூரி. வேண்டிய சோதனையும் எளியது. உண்மையான உலோகக்கலவை ஸ்குரூவில் படலத்தை வளர்த்து, வழக்கமான கிருமிநீக்கம் செய்து, கசாப்புக் கடையில் வாங்கிய மாட்டின் தொடையெலும்பில் துளையிட்டு அறுவை மருத்துவர் கையாலேயே முறுக்கி இறக்கி, திரும்பக் கழற்றி, எலும்புத் துகளைக் கரைத்துச் சுத்தம் செய்து நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். மரையின் முகட்டில், சரிவில், பள்ளத்தில் எவ்வளவு படலம் மிஞ்சியது என்று தனித்தனியாக அளக்க வேண்டும். துளைக்குள் தங்கிய துகளையும் எடுத்து அதில் டைட்டானியம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். உயிரணு வளர்ப்புச் சோதனை இதற்குப் பிறகு, மிஞ்சிய படலத்தின் மேல் நடக்கட்டும். முகட்டில் படலம் நிற்காத ஸ்குரூவுக்கு, 15 நானோமீட்டர் நல்லதா 100 நல்லதா என்ற விவாதமே தேவைப்படாது.